நிறுவன நிதியியல்

நிறுவனங்கள் எந்தத் திட்டத்தில் முதலிடுவது, அதற்கான பணத்தைப் பங்கு விற்றுத் திரட்டுவதா கடனாகப் பெறுவதா, இலாபத்தில் எவ்வளவைப் பங்காதாயமாகப் பிரித்துக் கொடுப்பது என்னும் முடிவுகளை ஆராயும் துறை. நிறுவனத்தின் மதிப்பு கூடுகிறதா என்பதே இம்முடிவுகளுக்கு உரைகல்.

தொடக்கம்: கடல் வணிகத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் தனியே பணம் சேர்த்து, கப்பல் திரும்பியதும் கணக்கு முடிப்பது பழைய வழக்கம். 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சுமார் 64 இலட்சம் கில்டர் திரட்டி, அந்த முதலைக் கலைக்காமல் வைத்துக்கொண்டது. பணம் வேண்டியவர் தம் பங்கைப் பிறருக்கு விற்றார். ஆம்ஸ்டர்டாமில் பங்குச் சந்தை வளர்ந்தது.

முதலீட்டை அளத்தல்: பின்னாளில் வரும் தொகையின் இன்றைய மதிப்பைக் கணிக்க உதவும் வட்டி அட்டவணைகளைச் சைமன் ஸ்டெவின் 1582இலேயே அச்சிட்டிருந்தார். ஆயினும் அவை கடன்களை ஒப்பிடவே பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனம், இட்ட முதலுக்குக் கிடைத்த இலாப விகிதத்தைக் கொண்டு தன் பிரிவுகளை மதிப்பிட்டது. இலாபம் எப்போது கைக்கு வரும் என்பதை அந்த விகிதம் காட்டவில்லை. இர்விங் ஃபிஷரின் வட்டிக் கோட்பாடும் (1930), ஜோயல் டீன் மூலதனத் திட்டமிடல் பற்றி எழுதிய நூலும் (1951) அக்குறையைத் தீர்த்தன. ஆண்டுக்கு 10 விழுக்காடு வருவாய் எதிர்பார்க்கும் நிறுவனத்துக்கு, இரண்டாண்டு கழித்து வரும் 121 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாய். அதற்கு மேல் செலவு பிடிக்கும் திட்டம் மதிப்பைக் குறைக்கும்.

கடனும் பங்கும்: வரியும் திவால் செலவும் இல்லாத சந்தையில், கடன், பங்கு ஆகியவற்றின் விகிதம் நிறுவனத்தின் மதிப்பை மாற்றாது என்று 1958இல் ஃபிராங்கோ மோடிலியானியும் மெர்ட்டன் மில்லரும் நிறுவினர். வட்டிக்குக் கிடைக்கும் வரிச்சலுகை கடனுக்குச் சாதகம் என 1963இல் அவர்களே திருத்தினர். மேலாளர், பங்குதாரர் நலன்கள் மோதுவதால் விளையும் செலவை 1976இல் ஜென்சனும் மெக்லிங்கும் விளக்கினர். நிறுவனங்கள் முதலில் சொந்த இலாபத்தையும் அடுத்துக் கடனையும் கடைசியாகவே புதிய பங்கையும் நாடுவதற்கு 1984இல் ஸ்டூவர்ட் மையர்ஸ் காரணம் காட்டினார்.

இந்தியா: 1947ஆம் ஆண்டு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, புதிய பங்கு வெளியீட்டுக்கும் அதன் விலைக்கும் அரசின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1992இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. வெளியீடுகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமான செபியிடம் வந்தது. விலையை நிறுவனங்களே சந்தை நிலவரம் பார்த்து வைக்கின்றன.