பூப்பிலும் பேற்றிலும்

இதயம் பிறக்கும்போதே முழு வேலையில் இருக்கிறது. மார்பகம் அப்படியல்ல. தாய் வயிற்றில் ஆறாவது வார வாக்கில் துளிர்விட்டு, பிறந்தபின் பல ஆண்டு சும்மா கிடந்து, இரண்டு தவணையாக வளர்கிறது: பூப்பை ஒட்டி ஒன்று, பேற்றை ஒட்டி ஒன்று. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் வீடுகளில் வீண் பயம்.

முதல் வளர்ச்சி பெரும்பாலும் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்கும். காம்புக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் போல ஒரு தடிப்பு, தொட்டால் வலிக்கும். பல பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முதலில் வரும், மறுபக்கம் வரச் சில மாதம்கூட ஆகலாம். 'கட்டி' என்று பதறி வெட்டியெடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராமல் போகலாம்; அந்தத் தடிப்புதான் வரப்போகும் மார்பு முழுவதும். மாதவிலக்கு வர இன்னும் இரண்டு, இரண்டரை ஆண்டு ஆகும். நம் வீடுகளில் மகளிடம் இதையெல்லாம் பேசுவதே சடங்குக்குப் பிறகுதான். அவளுக்கு அம்மா தேவைப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டு முன்பு.

பூப்பை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் செய்வது பால் குழாய்களை நீட்டிக் கிளைக்கவைப்பதும் கொழுப்பைச் சேர்ப்பதும். மார்பின் அளவு பெரும்பாலும் அந்தக் கொழுப்பால் வருவது. பால் சுரக்கும் நுண்ணறைகள் கர்ப்பத்தில்தான் முழுமையாக உருவாகின்றன. அது புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின் என்ற ஹார்மோன்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஆகவே சிறிய மார்புக்காரிக்குப் பால் குறையும் என்பது சரியல்ல.

பெங்களூருவில் கன்னடத்தில் 'ஹாலு சாகாக்தில்லா' என்றாலும் தமிழில் 'பால் பத்தலை' என்றாலும் பிரசவமான பெண்ணின் கவலை ஒன்றே. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அதன் பிறகுதான், இரண்டு மூன்று நாளில், பால் பெருகும். அதுவரை வரும் கொஞ்சம் சீம்பாலே பிள்ளைக்குப் பொதுவாகப் போதும். அந்த இரண்டு நாளில் புட்டியைக் கையில் எடுப்பதுதான் என்னை வருத்துகிறது. பிள்ளை சப்பச் சப்பத்தான் சுரப்பு நிலைக்கும்.

காம்பின் அடியில் பால் தேங்கும் பைகள் உண்டு, குழாய்கள் 15 முதல் 20 என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2005-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பால் கொடுக்கும் தாய்மாரை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, காம்பில் திறக்கும் குழாய்கள் சராசரியாக ஒன்பதுதான், பைகளைக் காணவில்லை. காம்பருகே தேக்கிவைக்க இடமில்லாததால், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் நுண்ணறைகளைப் பிழிந்தால்தான் பால் இறங்கும். வலியும் பதற்றமும் அதைத் தடுக்கும். பெற்றவளைச் சுற்றி நின்று 'பால் இருக்கா, இல்லையா' என்று விரட்டாமல் இருப்பதே பெரிய உதவி.

பிள்ளை பால் மறந்தபின் நுண்ணறைகள் சுருங்கிவிடும். பூப்பில் விரிந்த குழாய்க் கிளைகள் பெரும்பாலும் நிற்கும். தடிப்பிலும் பூப்பு வேறு, பேறு வேறு. சிறுமியின் தடிப்புக்கு வேண்டியது பெரும்பாலும் பொறுமை மட்டுமே. பால் கொடுப்பவளின் கட்டி பால் அடைப்பாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பால் கொடுக்கும் மார்பிலும் புற்று வரும்.