அம்மம்மாவின் பாட்டை டப்லெட்டில் எழுதி வைப்பது எப்படி?

நியூஜேர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக், எடிசன் போன்ற ஊர்களில் வளரும் எமது பிள்ளைகளில் பலர் இரண்டு விதமான இசைக் கல்வியை ஒரே காலத்தில் பெறுகிறார்கள். பாடசாலை வாத்தியக் குழுவில் வயலின் அல்லது செலோ வாசிக்கும் பிள்ளை, ஐந்து கோடுகளில் எழுதப்பட்ட மேலைத்தேயக் குறியீட்டைப் பார்த்து வாசிக்கிறது. அதே பிள்ளை வார இறுதியில் சங்கீத வகுப்பிலே ச ரி க ம என்று கொப்பியில் எழுதுகிறது. ஆனால் வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ பாடுகின்ற தாலாட்டு, ஊஞ்சற்பாட்டு, ஊர்க் கோயிற் பாட்டு, கூத்துப்பாட்டு என்பன இந்த இரண்டு முறைகளிலும் எழுதப்படுவதில்லை. அவை பாடுபவரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பாடுபவர் போனால் பாட்டும் போய்விடும்.

பிள்ளைகளின் கையிலுள்ள டப்லெட்டில் இன்று இசைக்குறியீட்டுச் செயலிகள் வந்துவிட்டன. அவற்றைப் பாவித்து இந்தப் பாட்டுகளை எழுதி வைக்கலாம். எந்தச் செயலி எமக்குப் பொருந்தும், எமது இசையை அதில் எப்படி எழுதுவது, எழுத்தில் அடங்காதது எது, எழுதியதை எப்படிக் காப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னோர் செய்து பார்த்தது

எமது இசையை ஐந்து கோட்டில் எழுதும் முயற்சி புதியதல்ல. சென்னையைச் சேர்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார், தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளை மேலைத்தேயக் குறியீட்டில் எழுதி, 1893 இல் ஆங்கில விளக்கங்களுடன் வெளியிட்டார். எமது இசையை உலகத்தார் எவரும் படிக்கக்கூடிய எழுத்தில் தர வேண்டும் என்பது அவருடைய நோக்கம்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1904 இல், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. அவர் ஐந்து கோட்டை எடுக்கவில்லை. சுர எழுத்துகளையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரமும் எப்படி அசைகிறது என்பதைக் காட்டத் தனித்தனிக் கமகக் குறிகளைச் சேர்த்து அச்சிட்டார்.

இவ்விரு வழிகளுக்கும் நன்மையும் குறையும் உண்டு. ஐந்து கோட்டில் எழுதினால் பாடசாலையில் படிக்கும் பிள்ளை உடனே வாசிக்கும். வேற்றின நண்பரும் வாசிப்பார். சுர தாளக் குறிப்பில் எழுதினால் எமது ஆசிரியர் உடனே பாடுவார். அன்று அச்சகத்தில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடிந்தது. இன்றைய செயலியில் இரண்டையும் ஒரே தாளில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதலாம். எமக்கு அதனால் வருகின்ற பெரிய நன்மை இதுதான்.

எந்தச் செயலி?

ஐபாட் வைத்திருப்போருக்கு மூன்று செயலிகள் முக்கியமானவை. டொரிகோ, சிபெலியஸ் ஆகிய இரண்டும் முதலில் மேசைக் கணினிக்காக உருவானவை. 2021 ஜூலையில் இரண்டும் ஐபாட்டுக்கு வந்தன. இவற்றை இலவசமாகவே தொடங்கலாம். இலவசப் பதிப்பில் எத்தனை வாத்தியங்களுக்கு எழுதலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. எமக்கு வேண்டியது ஒரு குரல் வரி மட்டுமே என்பதால் அது தடையாகாது. மூன்றாவதான ஸ்டாப்பேட், டப்லெட் பேனையால் கையெழுத்தாக எழுதும் குறியீட்டை அச்செழுத்தாக மாற்றித் தருவது. கையால் எழுதிப் பழகிய பெரியவர்களுக்கு இது இலகு. ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

அன்ட்ரொய்ட் டப்லெட் அல்லது பாடசாலை தரும் குரோம்புக் வைத்திருப்போர், உலாவியிலேயே இயங்கும் பிளாட், நோட்பிளைட் ஆகியவற்றைப் பாவிக்கலாம். மியூஸ்ஸ்கோர் முற்றிலும் இலவசமான திறமூல மென்பொருள். எழுதும் வசதி அதன் மேசைக் கணினிப் பதிப்பில்தான் உண்டு. டப்லெட்டுக்கான மியூஸ்ஸ்கோர் செயலி எழுதியதைப் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரியது. டப்லெட்டில் எழுதிக் கணினியில் திருத்த நினைப்போருக்கு இது நல்ல துணை.

எதைத் தெரிவு செய்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பாடல் வரியில் 'கொழும்பு', 'கௌரி', 'ஸ்ரீ' ஆகிய மூன்று சொற்களைத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். கொம்பும் அரவும் இடம் மாறி நின்றால், வேறொரு தமிழ் எழுத்துருவைத் தெரிவு செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் வேறு செயலிக்குப் போவது நல்லது. பத்துப் பாட்டு எழுதிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய தலையிடி.

சுரத்தை ஐந்து கோட்டில் வைப்பது

பாடுபவர் எந்தச் சுருதியில் பாடினாலும், எழுதும்போது ஷட்ஜத்தை 'சி' என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மற்றச் சுரங்கள் பின்வருமாறு அமையும்:

ச – சி
சுத்த ரிஷபம் – டி பிளாட். சதுஸ்ருதி ரிஷபம் – டி
சாதாரண காந்தாரம் – ஈ பிளாட். அந்தர காந்தாரம் – ஈ
சுத்த மத்திமம் – எஃப். பிரதி மத்திமம் – எஃப் ஷார்ப்
ப – ஜி
சுத்த தைவதம் – ஏ பிளாட். சதுஸ்ருதி தைவதம் – ஏ
கைசிகி நிஷாதம் – பி பிளாட். காகலி நிஷாதம் – பி

இதன்படி சங்கராபரணத்துக்கு ஷார்ப்பும் வேண்டாம், பிளாட்டும் வேண்டாம். கல்யாணிக்கு எஃப் ஷார்ப் ஒன்று போதும். ஹரிகாம்போதிக்கு பி பிளாட். கரகரப்பிரியாவுக்கு ஈ பிளாட்டும் பி பிளாட்டும். சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளைக்கு டி பிளாட், ஏ பிளாட் இரண்டும் வேண்டும். இந்தச் சேர்க்கை மேலைத்தேயத்தின் வழக்கமான முகப்புக் குறிகளில் இல்லை. ஆகவே அந்தந்தச் சுரத்தின் முன்னாலேயே பிளாட் குறியைப் போடுங்கள்.

தாளத்துக்கு வருவோம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நாலு நாலாக இரண்டு கட்டங்களில் எழுதலாம். முதற் கட்டம் லகு. இரண்டாவது கட்டம் இரண்டு துருதங்கள். மிச்ர சாபுவுக்கு ஏழு, கண்ட சாபுவுக்கு ஐந்து என்று கட்ட அளவை அமைக்கலாம். பல தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் தாளக் கட்டுக்குள் நிற்பதில்லை. அவற்றைக் கட்டாயப்படுத்தித் தாளத்தில் அடைக்க வேண்டாம். கட்டக் கோடுகளை மறைத்துவிட்டு, மூச்சு விடும் இடங்களில் மட்டும் ஒரு குறி போடுங்கள்.

பாடல் வரிகளுக்கு இரண்டு நிரைகளைப் பாவியுங்கள். முதல் நிரையில் ச ரி க ம எழுத்துகள். இரண்டாவது நிரையில் சாகித்தியம். பொதுவாக, இடைவெளி விட்டால் அடுத்த சுரத்துக்குப் போகும். ஒரு சொல்லைப் பிரிக்கச் சிறு கோடு போட வேண்டும். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயிக்குப் புள்ளி வைக்கத் தேவையில்லை. ஐந்து கோட்டில் சுரம் நிற்கும் உயரமே அதைக் காட்டிவிடும்.

எழுதி முடித்ததும் சுருதி மாற்றும் வசதி கைகொடுக்கும். ஒரு கட்டை 'சி' என்றால் ஐந்து கட்டை 'ஜி'. அம்மம்மா ஐந்து கட்டையில் பாடினால், முழுப் பாட்டையும் ஒரே கட்டளையில் 'ஜி'க்கு மாற்றலாம். பாடசாலை வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி கூட்டப்பட்டவை. ஆகவே ஷட்ஜத்தை 'ஜி'யிலோ 'டி'யிலோ வைத்தால், ஷட்ஜமும் பஞ்சமமும் திறந்த தந்திகளில் விழும். தொடக்கநிலைப் பிள்ளையும் வாசித்துவிடும்.

எழுத்தில் அடங்காதது

தோடி ராகத்தின் காந்தாரத்தை 'ஈ பிளாட்' என்று எழுதி, செயலியின் பியானோ ஒலியில் கேட்டுப் பாருங்கள். தோடி கேட்டுப் பழகிய எவரும் அதைத் தோடி என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். நாட்டார் பாட்டிலும் இழுப்பு, குழைவு, சறுக்கல் எல்லாம் உண்டு. இவற்றில் எதையும் செயலி தானாக அறியாது.

இதனாலேயே பல சங்கீத ஆசிரியர்கள் இந்தச் செயலிகளைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். பார்த்துப் பாடும் பிள்ளைக்குக் காது மழுங்கிவிடும் என்பது அவர்களின் கவலை. அதில் நியாயம் இருக்கிறது. எழுதிய தாள் நினைவூட்டுவதற்கு மட்டுமே உதவும். பாட்டைக் கற்பிக்க ஒரு குரல் வேண்டும். ஆகவே இரண்டு விடயங்களைக் கடைப்பிடிப்பது நல்லது. முதலாவது, செயலி வாசித்துக் காட்டும் ஒலியை வைத்துப் பிள்ளைக்குப் பாட்டுப் பழக்காதீர்கள். கால அளவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் அது உதவட்டும். இரண்டாவது, குரல் பதிவு இல்லாமல் எந்தப் பாட்டையும் எழுத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

எழுதும் ஒழுங்கு

1. தம்புரா ஒலியை மெதுவாக வைத்து, பெரியவர் பாடுவதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். முதலில் அவர் வழக்கமாகப் பாடுவதுபோல முழுமையாகவும், பிறகு ஒவ்வொரு வரியாக மெதுவாகவும் பாடச் சொல்லுங்கள்.

2. பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்தாமல் கதையுங்கள். பாட்டை யாரிடம் கேட்டார், எந்த ஊரில், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவார்கள், பாட்டில் வரும் ஊர்ச் சொற்களுக்கு என்ன பொருள் என்று கேளுங்கள்.

3. சங்கீதம் படிக்கும் பிள்ளையோ ஆசிரியரோ, முதலில் சுரத்தைக் கொப்பியில் எழுதட்டும்.

4. பாடசாலையில் மேலைத்தேயக் குறியீடு படிக்கும் பிள்ளை அதை டப்லெட்டில் ஏற்றட்டும்.

5. எழுதியதைப் பாடியவரிடமே பாடிக் காட்டித் திருத்துங்கள். அவர் "அப்படியில்லை" என்று சொல்லும் இடங்களில்தான் பாட்டின் உண்மையான வடிவம் வெளிவரும். ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பாடினால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

கோப்பைக் காப்பது

ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நாங்கள் கண்டோம். 1995 இடப்பெயர்வில் எத்தனை வீடுகளில் பாட்டுக் கொப்பிகள் கைவிடப்பட்டன என்று கணக்கில்லை. இலத்திரனியல் கோப்புக்கும் அழிவு உண்டு. அது வேறு வழியில் வரும். 1988 முதல் இசையமைப்பாளர்கள் பாவித்துவந்த ஃபினாலே என்ற மென்பொருளை, அதன் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 26 அன்று கைவிடுவதாக அறிவித்தது. அந்த மென்பொருளின் சொந்த வடிவில் மட்டும் கோப்புகளை வைத்திருந்தவர்கள், அவற்றை வேறு வடிவுக்கு மாற்ற ஓட வேண்டியதாயிற்று.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோப்புறை அமைத்து, அதில் நான்கு கோப்புகளை வையுங்கள். ஒன்று, அச்சிடுவதற்கான பிடிஎஃப். இரண்டு, மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவம். இது 2004 இல் வெளிவந்த பொது வடிவம். எந்த ஒரு செயலிக்கும் சொந்தமானதல்ல. பெரும்பாலான இசைக்குறியீட்டு மென்பொருள்கள் இதைத் திறக்கும். மூன்று, குரல் பதிவு. நான்கு, பாடியவர், ஊர், ஆண்டு, சந்தர்ப்பம் ஆகியவற்றைச் சொல்லும் சிறிய தமிழ்க் குறிப்பு.

இந்தக் கோப்புறையின் பிரதிகளை வேறு நாடுகளில் உள்ள இரண்டு உறவினருக்காவது அனுப்பி வையுங்கள். குடும்பத்தாருக்குச் சம்மதமென்றால், 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் பல்லூடகச் சேகரமான ஆவணகத்துக்கும் கொடுக்கலாம். பாட்டு அண்மைக்காலப் புலவர் ஒருவர் எழுதியதாக இருந்தால், பொதுவில் வைக்குமுன் உரியவரிடம் அனுமதி கேளுங்கள்.

தொடங்குவதற்குப் பெரிய கீர்த்தனை வேண்டாம். நான்கு வரித் தாலாட்டு ஒன்று போதும். ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கிவிடும். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ பெரியவர்கள் வந்து நிற்கும் நாட்களில் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். பதிவை அன்றே செய்துவிடுங்கள். குறியீட்டைப் பிள்ளைகள் ஆறுதலாக எழுதலாம். பாடக்கூடிய குரல் அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.