சீசனுக்குப் போறவர்களும் ஊருக்குப் போறவர்களும்

ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை வர இன்னும் ஒரு மாதமாவது இருக்கும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளில் அதுவும் இல்லை. அந்த நாட்களில்தான் எங்கட வீடுகளில் வருஷம் தவறாமல் அந்தக் கேள்வி எழும்: "இந்த முறை நுவரெலியா போவமா?"

போனால் தெரியும், எங்களுக்கு முன்னமே முழுக் கொழும்பும் அங்க போய் நிற்கும். கிரகரி வாவியைச் சுற்றி வாகனங்கள் அரைமணி நேரத்துக்கு அசையாது. படகுக்கு வரிசை, குதிரைச் சவாரிக்கு வரிசை, சோளம் வாங்கவும் வரிசை. மலர்க்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம் எல்லாம் ஒரே மாதத்தில். இதற்குப் பெயர் 'சீசன்'.

இலங்கையில் பனி பெய்யும் மலை இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படிந்தாலே படம் எடுத்துப் போடுகிற ஆட்கள் நாங்கள். சுவிஸ் மலைகளில் பனிச்சறுக்குக்கு அலைமோதும் கூட்டத்துக்கு எங்கட நாட்டில் ஒரு சகோதரம் தேடினால், அது நுவரெலியா சீசன்தான். உண்மையிலேயே இரண்டும் ஒரே நூற்றாண்டில் பிறந்தவை. டாவோஸ் முதலில் காசநோயாளிகள் தங்கிய ஊர். பனிச்சறுக்கு பிறகுதான் வந்தது. நுவரெலியாவும் நோயில்தான் தொடங்கியது. 1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கில இராணுவ வைத்தியர் இந்தச் சமவெளியைப் பார்த்து எழுதினார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் இங்கே தனக்கு ஒரு மாளிகை கட்டினார், அதுதான் இன்றைய கிராண்ட் ஹோட்டலின் மூலம். சமவெளி வெயிலில் நோயுற்ற சிப்பாய்களைத் தேற்றவும் இடம் அமைத்தார்கள். 1848இல் சாமுவேல் பேக்கர் வந்து இங்கிலாந்து மாடுகள், கலப்பைகளோடு ஒரு ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவைக்கப் பார்த்தார்.

பிறகு விளையாட்டு வந்தது. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் வாவி, 1875இல் குதிரைப் பந்தயம், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கிளப். வெயில் காலத்தில் கொழும்பு அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் குடும்பத்தோடு மலையில் கூடினார்கள். சிம்லாவிலும் ஊட்டியிலும் நடந்த அதே கதை. ஹில் கிளப் கதவு நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டுமே திறந்தது. ஏப்ரலில் மலையேறும் பழக்கத்தை நாங்கள் அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் துரைமார் எந்தப் பாதையால் போனார்கள்? கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்குப் போனது 1867இல், நானுஓயாவுக்குப் போனது 1885இல். அந்தத் தண்டவாளம் சுற்றுலாவுக்காகப் போட்டதில்லை. முதலில் கோப்பி, 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலை, இவற்றைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் போட்டார்கள். காட்டை வெட்டியதும், தோட்டம் போட்டதும், தெருவும் தண்டவாளமும் அமைக்க உழைத்ததும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சனம். 1823இல் தொடங்கியது அந்த வருகை. தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். சீசன் கூட்டத்துக்கு முன்னமே மலையேறிய கூட்டம் இது. இவர்களுக்குத் திரும்பிப் போகும் திகதி குறிக்கப்படவில்லை.

துரைமார் போன பிறகு சீசனின் ஆட்கள் மாறினார்கள். முதலில் கறுவாத்தோட்டத்துப் பணக்காரர், பிறகு நடுத்தர வர்க்கம், பிறகு வான் பிடித்துப் போகிற நாங்கள். லயன் அறைகளில் இருந்தவர்களுக்கோ 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் 'நீ இந்த நாட்டவன் இல்லை' என்றது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. நாடற்றிருந்த கடைசி ஆட்களுக்கும் உரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

1983 ஜூலையில் வெள்ளவத்தைக் கடைகள் எரிந்த அதே கிழமையில் நுவரெலியாவிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நெருப்பு வைத்தவர்கள் 'நீ எந்தத் தமிழன்' என்று பார்த்து வைக்கவில்லை. அந்த வித்தியாசம் பார்த்தது நாங்கள்தான். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை வசையாக வைத்திருந்தது சிங்கள வீடுகள் மட்டுமா? எங்கட வீடுகளிலும் அந்தச் சொல் புழங்கியது. சில வீடுகளில் இன்றும் புழங்குகிறது.

ஏப்ரலில் கொழும்பிலிருந்து மலைக்குப் போவது ஒரு கூட்டம் இல்லை, இரண்டு. ஒன்று சீசனுக்குப் போகும் நாங்கள். மற்றது சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் போகும் மலையகப் பிள்ளைகள். புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்குபவர்கள், சாப்பாட்டுக் கடைகளில் கொத்து போடுபவர்கள், வெள்ளவத்தை வீடுகளில் சமைத்துத் துடைக்கும் பெண்கள். வருஷத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் நீண்ட லீவு இதுதான். ஹட்டன் பஸ்ஸில் உடுப்புப் பைகளோடு நின்றபடியே போவார்கள். அதே தெருவில் எங்கட வான் ஹோர்ன் அடித்து முந்தும். மேலே போய் நாங்கள் தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று படம் எடுப்போம். படத்தின் பின்பக்கத்தில் தெரியும் லயன், சிலவேளை எங்கட வீட்டில் வேலை செய்கிற அக்காவின் வீடாக இருக்கலாம்.

இது எங்கட தீவுக்கு மட்டும் உரிய கதை இல்லை. 1980களில் அகதியாய் சுவிஸுக்குப் போன எங்கட ஆட்கள் பலருக்கு முதலில் கிடைத்த வேலை உணவகச் சமையலறையில். அங்கே யாரோ ஒருவரின் விடுமுறைக்குப் பின்னால் கோப்பை கழுவியவர்கள் நாங்கள். அந்தக் கதையை நாங்கள் பெருமையாகவும் கண்ணீரோடும் சொல்வோம். லபுக்கலையில் வான் நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும்போது அதே கதை எங்களுக்கு ஞாபகம் வருவதில்லை.

நுவரெலியா போகாதீங்க என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கொழும்பு வெயிலுக்கு யாரும் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காகப் பல வருஷம் போராடி 2021இல்தான் அதைப் பெற்ற மக்களின் ஊர் அது என்று தெரிந்து போவோம். 2023இல் மலையகத்தின் 200 வருஷத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனம் நடந்தது. கொழும்புத் தமிழர் எத்தனை பேருக்கு அது தெரியும்? இந்த ஏப்ரலில் கிளம்புவதற்கு முன், உங்கட வீட்டிலோ கடையிலோ வேலை செய்பவரிடம் அவரின்ட தோட்டத்தின் பெயரைக் கேளுங்க. கூடவே, லீவும் பஸ் காசும் கொடுத்தாச்சா என்றும் வீட்டில் கேளுங்க.