தொலைக்காட்சி வீட்டில் குடியிருக்க என்ன செலவாகும்?



தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வீடுகளைப் பற்றி நெடுநாளாக எழுத எண்ணியிருந்தேன். மருமகளின் கண்ணீரையும் மாமியாரின் சூழ்ச்சியையும் ஆராய இங்கு ஏராளமானோர் உள்ளனர். எனக்கோ அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தேக்குத் தூண்களின்மீதுதான் கண். கதையில் கடன்பட்டுத் தவிக்கும் குடும்பம்கூட முற்றம் வைத்த மாளிகையில்தான் இருக்கிறது! அத்தகைய வீட்டில் வாழ உண்மையில் எவ்வளவு பொருள் வேண்டும்?

இக்கேள்வியை மேலைநாட்டினர் முன்பே கேட்டுவிட்டனர். 1969 முதல் 1974 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'பிராடி பஞ்ச்' தொடரில் வெளிப்புறமாகக் காட்டப்பட்ட வீடு லாஸ் ஏஞ்சலிசில் இருக்கிறது. உட்புறம் முழுவதும் படப்பிடிப்புத் தளத்தில் போட்ட அரங்கம். 2018ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவ்வீட்டை 35 இலட்சம் டாலருக்கு வாங்கி, உட்புறத்தையும் தொடரில் கண்டவாறே மாற்றியமைத்தது. அத்தனை செலவுக்குப் பின்னர், 2023இல் விற்றபோது கிடைத்தது 32 இலட்சம் டாலர்தான்.

நம் தமிழ்த் தொடர்களின் நிலை வேறு. இங்கே வீடு பெரும்பாலும் மெய்யான வீடு. 2010 முதல் 2015 வரை சன் தொலைக்காட்சியில் வந்த 'நாதஸ்வரம்' தொடர் காரைக்குடியைக் களமாகக் கொண்டது. 1996இல் ஆஸ்ட்ரோ தொடங்கிய பின் வளர்ந்த மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் 'சொந்த ஊர்' என்றதும் மனத்தில் எழும் உருவம் இச்செட்டிநாட்டு வீடுதான். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் 'எங்கள் பாட்டன் வாழ்ந்த வீடு' என்று படம் வரையச் சொன்னேன். பாதிப் பேர் தூண்களும் முற்றமும் வரைந்தார்கள். அவர்களுடைய பாட்டன்மார் வாழ்ந்தது தோட்டத்து லயத்தில் என்பதை நான் அறிவேன்.

காரைக்குடியின் 'ஆயிரம் ஜன்னல் வீடு' திரைப்படக் குழுவினர்க்கு மிகவும் பழக்கமானது. 1941ஆம் ஆண்டில் ஒன்றேகால் இலட்சம் ரூபாயில் கட்டப்பட்டது என்றும், பரப்பு 20,000 சதுர அடி என்றும் அதைப் பற்றி எழுதுவோர் குறிப்பிடுகின்றனர். சுபாங் ஜெயாவில் 22க்கு 75 அடி மனையில் அமைந்த வரிசை வீடுகள் பன்னிரண்டை அதனுள் அடுக்கிவிடலாம்.

இவ்வீடுகளின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். தெருவை நோக்கி முகப்பு, இருபுறமும் திண்ணை. உள்ளே வளவு என்னும் பெரிய முற்றம், அதைச் சுற்றிச் சிறு சிறு அறைகள். அடுத்து இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, சமையற்கட்டு எனப் பின்தெருவரை நீளும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு. ஆனால் அது உறங்குவதற்கும் சீர்ப்பொருள்களைப் பூட்டி வைப்பதற்குமே. வாழ்க்கை நடப்பது முற்றத்தில்தான். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி ஆகியவை கப்பலில் வந்தன. சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். வெயிற்காலத்தில் அச்சுவரில் கை வைத்தால் குளிர்ச்சி தெரியும். ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையாலேயே இன்றும் செய்கின்றனர்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் நடந்த வட்டித் தொழிலிலிருந்துதான். கோலாலம்பூரில் லெபோ அம்பாங், பினாங்கில் பினாங்குத் தெரு ஆகிய இடங்களில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஊரில் மாளிகை எழும்பிய அதே காலத்தில், அதற்குப் பொருள் ஈட்டியவர்கள் கிட்டங்கியில் பாயும் தலையணையும் ஒரு பெட்டியடியுமாக வாழ்ந்தார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று எல்லாரும் ஒரே கூடத்தில் இருந்தனர். மனைவி மக்களை அழைத்து வரும் வழக்கமில்லை. மூன்றாண்டு கணக்கு முடித்த பின்னரே ஊர் திரும்புவர். அம்மாளிகையில் அதை ஈட்டியவன் கழித்த நாள்கள் குறைவு என்பதை எந்தத் தொடரும் காட்டியதில்லை.

பால் வெட்டிய தொழிலாளியின் கூலிதான் இந்தத் தூண்களாக மாறிற்று என்று எழுதிவிடுவது எளிது. மேடையில் கைதட்டலும் கிடைக்கும். அது முழு உண்மையன்று. பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் இலண்டன் முதலீட்டில் நடந்தவை. செட்டியார்களிடம் கடன் வாங்கியோர் சிறுதோட்டக்காரர்கள், ஈயச் சுரங்க முதலாளிகள், வணிகர்கள், மலாய் நில உடைமையாளர்கள். எனினும் செட்டியார்களுக்கும் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் பால் வெட்டியவர்களும் தமிழர்களே. ஆகவே உறவே இல்லையென்றும் சொல்லிவிட முடியாது.

அந்த 1941ஆம் ஆண்டுதான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி அப்போது ஏறத்தாழ 50 காசு. அன்றைய மாற்று மதிப்பில் ஒரு மலாயா வெள்ளி 28 பென்னி, ஓர் இந்திய ரூபாய் 18 பென்னி. எனவே 50 காசு என்பது முக்கால் ரூபாய்க்குச் சற்றே மேல். ஒன்றேகால் இலட்சம் ரூபாயை இதனால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,60,000 நாள் கூலி வரும். ஆண்டுக்கு 300 நாள் வேலை எனக் கொண்டால், ஒரு காசுகூட உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் 535 ஆண்டுகள். மலாக்காவில் போர்த்துகீசியர் வந்திறங்கும் முன்பே அவன் பால் வெட்டத் தொடங்கியிருக்க வேண்டும்! ஆறாம் ஆண்டுக் கணிதத்துக்கு இதைவிட நல்ல வினா எனக்குக் கிடைக்கவில்லை.

வேலைநிறுத்தக்காரர்கள் மாளிகை கேட்கவில்லை. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

மாளிகைகளும் நெடுநாள் செழிக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய உழவர்கள் கடனைக் கட்ட இயலாமற்போக, நெல் விளையும் முதன்மை மாவட்டங்களில் செட்டியார்களின் நிலம் 1930இல் இருந்த 6 விழுக்காட்டிலிருந்து 1937இல் 25 விழுக்காட்டுக்கு ஏறியது. ஈடாக வந்த நிலம் அது. விற்கவும் முடியாது, கொண்டுபோகவும் முடியாது. 1942இல் சப்பானியர் வந்தனர். 1948இல் பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. பணம் வந்த வழி அடைபட்டது.

ஆகவே, முதல் கேள்விக்கு விடை இதுதான்: கட்டும் செலவைவிடக் காக்கும் செலவே பெரிது. ஓடு மாற்ற வேண்டும். தேக்குக்கு எண்ணெய் பூச வேண்டும். ஒழுகும் முற்றத்தைச் செப்பனிட வேண்டும். வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். ஊருக்கொருவராகவும் நாட்டுக்கொருவராகவும் இருப்பார்கள். ஒருவர் ஒப்பாவிட்டால் ஓட்டைக்கூட மாற்ற முடியாது. பல வீடுகள் திருமணத்துக்கும் படையலுக்கும் மட்டுமே திறக்கின்றன. சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. கானாடுகாத்தானில் ஓரிரவு மாளிகைவாசம் வாடகைக்குக் கிடைக்கிறது. இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை 2014இல் யுனெஸ்கோவின் முன்மொழிவுப் பட்டியலில் இந்தியா சேர்த்தது.

லயங்களுக்கு அந்தப் பட்டியலும் இல்லை, பழம்பொருள் கடையும் இல்லை. சுபாங் ஜெயா நகரம் 1970களின் நடுவில் சீஃபீல்டு தோட்டத்து இரப்பர் மரங்களை வெட்டி எழுப்பப்பட்டது. லயம் நின்ற இடம் எதுவென்று எந்தத் தெருப்பலகையும் சொல்வதில்லை. தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் இடங்களுள் ஒன்று சீஃபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி.