வண்டி மாற்றிக்கொள்ளும் வழக்கம்

1976ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலை, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் தகப்பனாரும் அவருடைய பால்ய சிநேகிதரும் உட்கார்ந்து, தங்களிடமிருந்த இரண்டு பழைய மோட்டார் வண்டிகளையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாமா, கூடாதா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் தொழிலின் நிமித்தம் நகரத்துக்குள்ளேயே சுற்றிவந்த என் தகப்பனாரிடம் இருந்தது, பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் உயரமான பெரிய வண்டி. பன்னிரண்டு மைல் தொலைவில் இட்டேரிக்குள் தோட்டம் வைத்திருந்த சிநேகிதரிடம் இருந்தது, தடத்து மேடுகளில் எல்லாம் அடிவயிற்றைத் தட்டிக்கொள்ளும் சிறிய வண்டி. மாற்றிக்கொண்டால் இருவருக்குமே அநுகூலம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு வண்டிகளிலும் கோளாறு இருந்தது. பெரியதில் ஸ்டியரிங்கை நாலு விரற்கடை திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையும். சிறியதில் கைப்பிரேக் பிடிக்காது, கிளட்சும் தேய்ந்துபோயிருந்தது. அதுவரை வாய் திறவாமல் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த என் பாட்டனார், “ரெண்டு பேரும் பல்லப் பாத்தாச்சாடா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி எந்தக் காலத்திலிருந்து வந்தது என்பதைப் பதினான்கு வயதில் நான் அறியேன். அறிந்துகொண்ட பிறகு அதன்மீது எனக்கு உண்டான மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

மோட்டார் வருவதற்கு முன்னால் நம் குடியானவர்கள் மாற்றிக்கொண்டது மாடுகளைத்தான். காங்கயத்துக்கு அருகிலுள்ள கண்ணபுரத்து மாரியம்மன் தேரின்போதும், ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாத சுவாமி கோயில் திருவிழாவின்போதும் கூடுகிற சந்தைகளில் ரொக்கத்துக்கு விற்பதும் வாங்குவதும் பெரிய அளவில் நடந்தாலும், ஊருக்குள் உறவினரும் சிநேகிதரும் தங்களுக்குள் மாடு மாற்றிக்கொள்வது அதற்கு வேறான ஒரு சம்பிரதாயமாகவே நடந்துவந்தது. காரணம் எளியது. நுகத்தடியின் இடப்பக்கத்தில் பூட்டிப் பழகிய மாடு வலப்பக்கத்தில் இழுக்கத் தயங்கும். ஜோடியில் ஒன்று செத்துப்போனால் மிஞ்சியது எவ்வளவு நல்ல மாடானாலும், அதற்கு இணை கிடைக்கும்வரை அது பாதி மாடுதான். சாலையில் பாரம் இழுக்கச் சோம்பும் கிழட்டு எருது, கிணற்று மேட்டில் கவலை ஓட்டும்போது முன்னே இறங்கியும் பின்னோக்கி ஏறியும் நாள் முழுவதும் சலிக்காமல் தண்ணீர் இறைக்கக்கூடும். ஒருவனுடைய தொழுவத்தில் குறையாக நிற்பது மற்றொருவனுடைய தொழுவத்தில் குறையே அல்ல என்கிற இந்த உண்மையின்மேல்தான் பரிவர்த்தனை என்கிற ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. மதிப்பில் ஏற்றத்தாழ்வு இருந்தால் மேல்பணம் என்று ஒரு சிறு தொகையை வைத்துச் சரிக்கட்டுவார்கள்.

ஆயினும் பரீக்ஷை இல்லாமல் யாரும் மாற்றியதில்லை. மாட்டின் கீழுதட்டை விரலால் இறக்கிப் பல்லை எண்ணுவார்கள். இரண்டு பல் என்றால் இளங்காளை. நாலு, ஆறு என்று ஏறி எட்டும் நிறைந்துவிட்டால் அதன்பின் தேய்மானத்தைக் கொண்டுதான் வயதை அநுமானிக்கவேண்டும். சுழி பார்ப்பார்கள், குளம்பைத் தட்டுவார்கள், நடக்கவிட்டுப் பின்னாலிருந்து கவனிப்பார்கள். சந்தையிலோ, தரகர் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலை அழுத்தி விலை பேசுவார்; அங்கே இரண்டு வேளை கறக்காமல் மடியைப் பெருக்கிக் காட்டும் வஞ்சகமும் உண்டு. சிநேகிதருக்குள் நடக்கும் மாற்றில் துண்டு கிடையாது. துண்டுக்குப் பதிலாக அங்கே இருந்தது, ‘இது மேற்கே பார்த்து நின்றால் முட்டும், தண்ணீரைக் கண்டால் மிரளும்’ என்று கொடுக்கிறவனே முன்வந்து சொல்லிவிடுகிற வழக்கம். இந்த வழக்கத்தையே நான் நம் கிராமங்களின் சொத்து என்று கருதுகிறேன்.

வாயால் சொல்லுவது போதாது, நாளும் கொடுக்கவேண்டும் என்பதைப் பழைய தர்மசாஸ்திரக்காரர்கள் உணர்ந்திருந்தார்கள். வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்கு யாக்ஞவல்கிய ஸ்மிருதி கெடு வகுக்கிறது: விதைக்குப் பத்து நாள், இரும்புக்கு ஒரு நாள், இரத்தினத்துக்கு ஏழு நாள், கறவைக்கு மூன்று நாள், பாரம் சுமக்கும் மிருகத்துக்கு ஐந்து நாள். அந்த மிருகத்துக்கு அந்நூல் ஆளும் பதம் ‘வாஹ்யம்’ என்பது; நாம் மோட்டாருக்கும் சேர்த்து வழங்கும் ‘வாகனம்’ என்ற சொல்லும் அதே தாதுவிலிருந்து பிறந்ததுதான். அதே பட்டியலில் மனிதரையும் பண்டங்களோடு சேர்த்து எண்ணியிருப்பதைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. அதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எடுத்துக்காட்ட எனக்குச் சம்மதமில்லை. ஆனால் இரும்புக்கு ஒரு நாளும் மாட்டுக்கு ஐந்து நாளும் கொடுத்தவர்கள், உயிருள்ளதன் குறை உடனே வெளிப்படாது என்பதை அநுபவத்தால் அறிந்தவர்கள்.

ஆங்கில ஆட்சியில் வந்த சட்டம் இந்த விஷயத்தில் ஒரு குதிரையை நடுவில் நிறுத்திப் பேசுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் உதாரணம் அது. தன் குதிரைக்கு நோய் உண்டென்று தெரிந்தும், அதை ஏலத்தில் விற்கிறவன் அதுபற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது மோசடியாகாது. வாங்குகிறவள் அப்போதுதான் வயது வந்த அவனுடைய சொந்த மகளானால், அந்த உறவின் காரணமாகவே சொல்லவேண்டிய கடமை அவனுக்கு ஏற்பட்டுவிடுகிறது. ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குகிறவன் சொல்லியும் இவன் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம். பத்து ஆண்டுகள் கழித்து வந்த சொத்து மாற்றுச் சட்டம், பரிவர்த்தனை இன்னதென்று 118ஆம் பிரிவில் வரையறுக்கிறது. என் தகப்பனாருக்கு அது மனப்பாடம். ஆனாலும் அவர் அடிக்கடி எடுத்துச் சொன்னது அந்தக் குதிரையைத்தான். சிநேகிதனைப் பற்றிச் சட்டம் தனியாக ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் ஒருமுறை கேட்டபோது, ‘சிநேகிதன் எதிரில் உட்கார்ந்திருப்பதே மறுக்காவிட்டால் நம்புவேன் என்று சொல்வதுதான்’ என்றார்.

இனி மோட்டாருக்கு வருவோம். மாடு மாற்றிய மனிதர்கள் மோட்டார் மாற்றத் தொடங்கியதற்கு அரசாங்கத்தின் கைத்தொழிற் கொள்கை ஒரு முக்கிய காரணம். உதிரிப் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்நியக் கம்பெனிகள், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யவேண்டும் என்ற விதி 1950களின் முற்பாதியில் வந்ததும் ஒவ்வொன்றாக விலகின. 1928 முதல் பம்பாயில் நடந்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1954இல் மூடப்பட்டது. அதன்பின் சாமானியமாகக் கண்ணில் பட்டவை மூன்றே குடும்பத்து வண்டிகள்: வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த பியட், சென்னைக்குத் தெற்கே 1961 முதல் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புதுவண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டிய அந்தக் காலத்தில், கையிலிருக்கும் வண்டி தனக்குப் பொருந்தாவிட்டால் பொருந்துகிறவனோடு மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனமாக இருந்தது. உதிரிப் பாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை இருந்தது. உள்ளூரில், எந்த வண்டியையும் பிரித்துப் பூட்டத் தெரிந்த மேஸ்திரிகள் இருந்தார்கள். ஹெரால்டின் மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். என்ஜினின் இருபுறமும் நின்று வேலை பார்க்கலாம் என்பதால் அதன்மேல் மேஸ்திரிகளுக்கு ஒரு தனிப் பிரியம். 1983 டிசம்பரில் மாருதி வந்து, காத்திருப்பும் நாளடைவில் குறைந்த பிறகுதான் இந்த மாற்று வழக்கம் தேயத் தொடங்கியது.

மோட்டாருக்கும் பல் உண்டு. அதை மேஸ்திரிகள் அறிவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மேஸ்திரி முதலில் செய்த காரியம், விடியற்காலையில் சொல்லாமல் வந்து வண்டியின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். சூடாயிருந்தால், முன்னதாகவே ஓட்டிக் குளிரை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று இரும்பு பனியில் ஜில்லென்றிருந்தது. பிறகு ஆயில் அளவுக் கம்பியை உருவி, வேட்டிக் கரையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, நுனியிலிருந்த கறுப்பு எண்ணெயை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் அது மோர் போல வெளுத்து நுரைத்திருக்கும். ஸ்டார்ட் செய்து பின்னால் போய்க் குந்தினார். நீலப்புகை வந்தால் ரிங் தேய்ந்து எண்ணெய் எரிகிறது, கரும்புகை வந்தால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாக விடுகிறது, நிற்காமல் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் கேஸ்கட் போயிருக்கலாம். கியர்பெட்டிச் சத்தத்தை அமுக்க மரத்தூளை உள்ளே போட்டு விற்கிறவர்களும் உலகத்தில் உண்டு என்று அவர் சொல்லக் கேட்டபோது, மடி பெருத்த பசுவை நினைத்துக்கொண்டார் என் பாட்டனார்.

பரீக்ஷையின் முடிவில் மேஸ்திரி சொன்னது இரு வண்டிக்கும் பொது: என்ஜின் திடமாக இருக்கிறது, மற்றவை செலவு வைக்கும், செலவுக்கு அஞ்சாவிட்டால் மாற்றலாம். மேல்பணம் பேசப்படவில்லை. பெரிய வண்டியின் ஸ்டியரிங்குக்கு ஆகும் செலவும் சிறிய வண்டியின் கிளட்சுக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய சமம் என்று இருவரும் தீர்மானித்தார்கள். பாட்டனாரின் சொற்படி வண்டிகளை மட்டும் மாற்றி ஐந்து நாள் ஓட்டிப் பார்த்தார்கள். எழுத்து ஒன்றும் இல்லை. அந்த ஐந்து நாளும் சிநேகிதர் தினம் ஒரு தடவை வந்து, தமக்கு மறந்துபோயிருந்த கோளாறு ஏதேனும் ஞாபகத்துக்கு வந்தால் சொல்லிவிட்டுப் போனார். மழை நாளில் இடது விளக்கு எரியாது என்பது மூன்றாம் நாள்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

ஆறாம் நாள் காலையில் ஆர்.சி. புத்தகங்கள் கைமாறின. மாட்டைக் கொடுக்கிறவன் தலைக்கயிற்றை அவிழ்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்வான். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து பூட்டிப் பிடித்துப்போவான். பல ஊர்களில் உள்ள அந்த வழக்கத்தை என் பாட்டனார் அன்று சொல்லிக்கொண்டிருந்தார். சிநேகிதர் அதைக் கேட்டுவிட்டு, தம் பையிலிருந்து ஒரு முழம் நீளமுள்ள புளியங்கட்டை ஒன்றை எடுத்தார். பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துக் கொடுத்து அதன் ஒரு முனை வழவழவென்று தேய்ந்திருந்தது. “மேட்டில் நிறுத்தினால் இதை வைக்காமல் இறங்காதே” என்று சொல்லி, அதை என் தகப்பனாரின் கையில் கொடுத்தார்.