பாடி (ஆங்கிலக் கடன்சொல்)

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரப் பேச்சில் பல பொருள்களில் வழங்கும் சொல். இதன் மூலமான பழைய ஆங்கிலச் சொல் 'போடிக்' உடலின் நடுப்பகுதியையும் உருவ அளவையும் குறித்தது. பிணம் என்ற பொருள் பின்னால் சேர்ந்தது.

இவ்வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருவது லாரி. ஆலையிலிருந்து எஞ்சினோடு வரும் சேஸின் மேல் பட்டறைக்காரர்கள் மரமும் இரும்பும் கொண்டு கேபினையும் சரக்குத் தட்டையும் அமைப்பதே 'பாடி கட்டுதல்'. ஓப்பன் பாடி, டிப்பர் பாடி, கன்டெய்னர் பாடி என வகைகள் உண்டு. வீடு கட்டுவதற்குரிய வினையையே லாரிக்கும் தந்தது இத்தொழிலுக்குப் பொருத்தமான மரியாதை.

ஆஸ்பத்திரி வாசலில் 'பாடி எப்பங்க தருவாங்க?' என்றால் சடலம். பெயர் சொல்ல நா எழாத நேரத்தில் இச்சொல் துக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஜிம் இளைஞர்களுக்கு 'பாடி ஏத்துறது' தசை வளர்ப்பது. பெண்களின் உள்ளாடையும் பாடிதான். ஆங்கிலத்தில் பெண்களின் இறுக்கமான மேலாடைக்குரிய 'பாடிஸ்' இதே சொல்லின் பன்மையிலிருந்து பிறந்தது.

வாணியம்பாடி போன்ற ஊர்ப்பெயர்களில் உள்ள பாடி தமிழ்ச்சொல், இதனோடு தொடர்பற்றது.