இல்லமும் குருமடமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வரலாற்றில் ஒரு நோக்கு

மலேசியத் தமிழரின் சமய வாழ்வைப் பற்றிய ஆய்வுகளில் தோட்டத்துக் கோயில்களும் திருவிழாக்களும் விரிவாகப் பேசப்படுகின்றன. அதே தோட்ட லயங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கரோ பெரும்பாலும் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகின்றனர். அவர்களைப் பற்றி எழுதப்பட்டவையும் ஆலயம் எழுப்பிய பிரெஞ்சுக் குருக்களின் வரலாறாகவே அமைந்துள்ளன. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா குறுகியது. இக்குடும்பங்களிலிருந்து குருக்கள் எவ்வாறு உருவாயினர்? அவர்கள் உருவான மொழி எது? அதனால் இல்லத்திற்கும் குருமடத்திற்கும் இடையே நேர்ந்தது என்ன?

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. அதனையொட்டிப் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் அவர்களோடு இருந்தனர். கிள்ளானைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் பரவியபொழுது தமிழகத்தின் காவிரிக் கரை மாவட்டங்களிலிருந்தும் புதுவைப் பகுதியிலிருந்தும் கத்தோலிக்கக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. புக்கிட் நானாஸில் 1883இல் தொடங்கிய புனித யோவான் ஆலயம் எல்லா இனத்தாருக்கும் பொதுவானது. பின்னர் மொழிவாரியாகப் பங்குகள் பிரிந்தன. பிரிக்பீல்ட்ஸின் செபமாலை அன்னை ஆலயம் சீனக் கத்தோலிக்கருக்காகவும், 1910இல் அமைந்த ராபர்ட்சன் சாலைப் புனித அந்தோணியார் ஆலயம் தமிழருக்காகவும் எழுந்தன. கிள்ளான் லூர்து அன்னை ஆலயம் 1928இல் கட்டி முடிக்கப்பட்டது. இவ்வாலயங்களை நடத்தியவர்கள் பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர். அச்சபைக்குப் புதுவையிலும் மறைத்தளம் இருந்தது தமிழருக்கு நற்பேறாயிற்று. தமிழறிந்த பிரெஞ்சுக் குருக்கள் மலாயாவிற்குக் கிடைத்தது அத்தொடர்பினால்தான்.

ஆயினும் குருவின் எண்ணிக்கை சிறிது, தோட்டங்களோ பல. பூசை காண்பது பல குடும்பங்களுக்கு வாரந்தோறும் வாய்த்ததன்று. இடைப்பட்ட நாள்களில் சமயத்தைக் காத்தவர் இருவர்: ஒருவர் உபதேசியார், மற்றவர் வீட்டுத் தாய். மாலையில் விளக்கேற்றி, மாதா படத்தின்முன் குடும்பம் முழுவதும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் வழக்கமே லயத்து வீட்டின் வழிபாடு. அங்கு வழங்கிய தமிழ் தனித்தன்மை உடையது. சர்வேசுரன், சேசுநாதர், இஸ்பிரீத்து சாந்து, சம்மனசு, அர்ச்சியசிஷ்டர் முதலிய சொற்களில் வடமொழியும் போர்த்துகீசியமும் இலத்தீனும் தமிழோடு கலந்து கிடந்தன. தூய தமிழ் அன்பர்களுக்கு இது உவப்பளிக்காது. எனினும் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் தம் பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கையளித்த மொழி இதுவே என்பதை நாம் மறத்தலாகாது.

ஆலயத்தின் மொழி வேறு. பூசை இலத்தீன், பதிவேடுகளும் இலத்தீன். வீட்டில் சூசை என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் யோசேஃபுஸ் ஆனார். இராயப்பன் பேத்ருஸ் ஆனார், சின்னப்பன் பவுலுஸ் ஆனார், அருளப்பன் யோவான்னெஸ் ஆனார். வீட்டுத் தமிழுக்கும் ஆலய இலத்தீனுக்கும் இடையிலான இத்தொலைவைக் கால்நடையாகக் கடந்தவன் குருமடம் புகுந்த மகன்.

அவன் சென்றடைந்த இடம் பினாங்குப் பொதுக் குருமடம். இதன் வரலாறு வியப்பூட்டுவது. ஆசிய மண்ணின் மைந்தரையே குருக்களாக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் 1665இல் சயாமின் அயூத்தியாவில் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, போர்களாலும் கலவரங்களாலும் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் புதுவையை அடுத்த வீராம்பட்டினத்தில், மீனவர் கிராமத்தின் நடுவே, அது இயங்கியது. 1808இல் பினாங்கில் மீண்டும் உயிர்பெற்றது. 1984இல் பூலாவ் தீக்குஸிலிருந்து தஞ்சோங் பூங்காவிற்கு மாறியது. மலாயாத் தமிழர் பயின்ற குருமடம் ஒருகாலத்தில் தமிழ்க் கடற்கரையில் அடைக்கலம் புகுந்திருந்தது என்பது நம் ஆய்வாளர் பலர் கவனத்திற்கு வராத செய்தி.

வியட்நாமியர், சயாமியர், சீனர், பர்மியர் எனப் பல மொழியினர் ஒருங்கே வாழ்ந்த அக்குருமடத்தில் பொதுமொழி இலத்தீன். பாடத்திற்கு மட்டுமன்று, பேச்சிற்கும் அதுவே. ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்த தமிழ் இளைஞன் மெய்யியலும் இறையியலும் கற்றுத் திரும்பினான். தன் தாய்க்கு மறையுரை ஆற்றும் தமிழை அவன் பெரும்பாலும் தன் முயற்சியாலேயே தேட வேண்டியிருந்தது எனலாம்.

குடும்பம் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ்க் குடும்பத்தில் மகன் என்பவன் குலம் தழைக்கச் செய்பவன். தங்கையரின் திருமணத்திற்கும் பெற்றோரின் முதுமைக்கும் பொறுப்பேற்பவன். அவன் மணமும் ஊதியமும் துறப்பது, கூலியில் வாழ்ந்த வீட்டிற்குச் சிறு இழப்பன்று. பிள்ளைகள் பலர் இருந்த காலத்தில் அதைத் தாங்க முடிந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் குருப்பட்டத்திற்கு 24 வயது போதும் என்றது. ஆனால் சுங்கைப் பட்டாணியில் 1932இல் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் பட்டம் பெற்றது 1966 டிசம்பரில், 34ஆம் வயதில். அவரே 1983 முதல் 2003 வரை கோலாலம்பூர்ப் பேராயராகவும், 2016இல் நாட்டின் முதல் கர்தினாலாகவும் விளங்கி 2020இல் மறைந்தார்.

கோலாலம்பூர் 1955இல் தனி மறைமாவட்டமாகி தொமினிக் வெந்தர்கோன் அதன் முதல் ஆயரானார். அடுத்த பத்தாண்டுக்குள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963இல் வழிபாட்டில் மக்கள்மொழிக்கு இடமளித்த அச்சங்கம், குருத்துவப் பயிற்சி பற்றி 1965இல் வெளியிட்ட ஆணையில் குடும்பத்தையே தொடக்கக் குருமடமாகக் கண்டது. பூசை திருப்பலியாயிற்று, சர்வேசுரன் கடவுளானார், சம்மனசு வானதூதரானார். இளையோர்க்கு இது விடுதலை. முதியோர் சிலர்க்கோ, வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த மந்திரங்கள் ஒரே நாளில் பழையனவாகிவிட்டன. இவ்விழப்புணர்வை வெறும் பழைமைப் பற்று என ஒதுக்குவது நியாயமன்று என்பது நம் கருத்து.

மற்றொரு நெருக்கடி அரசியல் வழி வந்தது. 1970களில் வெளிநாட்டு மறைப்பணியாளர் தங்குவதற்குப் பத்தாண்டு வரம்பு விதிக்கப்பட்டது. தமிழறிந்த பிரெஞ்சுக் குருக்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. இந்நிலையில் 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பங்குகளை விட்டு ஒரு மாதம் ஒன்றுகூடி ஆலோசித்தனர். குரு இல்லாத அம்மாதத்தில் பங்குகளைப் பொதுநிலையினரே நடத்தினர். அதன் விளைவாக அண்டை வீட்டார் கூடிச் செபிக்கும் அடித்தளக் குழுமங்கள் வலியுறுத்தப்பட்டன. உண்மையில் லயத்து வீடுகளுக்கு இது புதிதன்று. பழைய செபமாலைக் கூட்டமே புதுப்பெயரோடு திரும்பியது.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் நகரின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. பிள்ளைகள் இருவர் அல்லது மூவர் என்றாயினர். நகரத்துக் குடும்பங்கள் பலவற்றில் செபமும் ஆங்கிலத்திற்கு மாறியது. 2003 முதல் 2013 வரை பேராயராக இருந்த மர்பி பாக்கியம் தாப்பாவில் பிறந்தவர். 2023இல் பினாங்கு ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் கர்தினாலானார். நாட்டின் இரு கர்தினால்களும் இந்திய வம்சாவளியினரே. ஆயினும் தலைமைப் பீடத்தில் இடம் பெறுவது வேறு, பங்கில் தமிழ் நிலைப்பது வேறு. 1994இல் தொடங்கிய 'ஹெரால்டு' வார இதழ் ஆங்கிலம், மலாய், சீனத்தோடு தமிழ்ப் பக்கங்களையும் வெளியிட்டது. பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா அன்னை ஆலயத்தில் தமிழ் வழிபாடு உண்டு. வீட்டில் தமிழ் கேளாத மகன் குருவானால், தமிழ்த் திருப்பலிக்கு அவன் குருமடத்தில் தாய்மொழியையே பாடமாகக் கற்க நேரும். இலத்தீன் இருந்த இடத்தில் இப்பொழுது தமிழ் நிற்கிறது.

இவ்வரலாற்றை விரிவாக எழுத விழைவோர்க்கு ஒரு சான்று காத்திருக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரின் உறுதிபூசுதல், திருமணம், துணைத்திருத்தொண்டர் பட்டம் ஆகியவை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். பழைய பங்குகளின் பதிவேடுகளில் தந்தை பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் ஆகியவற்றை வரிசையாகப் படித்துச் சென்றால், பக்கத்திற்குப் பக்கம் ஓரக்குறிப்பு திருமணத்தையே சொல்லும். எங்கோ ஒரு பக்கத்தில் மட்டும் பட்டத்தைச் சொல்லும். அப்பெயருக்கு மேலும் கீழும் அதே பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே முதல் வேலை.